திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம்

கயிறு கட்டி ஆறு மடிப்பாக மடித்து விட்டிருந்த வரிசையில், மூன்றாவது மடிப்பில் உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வரிசை முடிகிற இடத்தில் கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒருவராக அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் ஒரு நீள நடை, அந்த நடைக்கு அப்பால் எங்கேயோ மகள் சொர்ணா. ஐம்பத்தெட்டு வயசில் முதல் விமானம். அதுவும் ஒன்றில்லை, இரண்டு. புது ஷூவுக்குள் கால்கள் மாவு பொங்கின மாதிரி பொங்கியிருந்தன. சுவர்க் கடிகாரம் காலை ஏழரை காட்டியது. ஏழரை என்றால் அம்பாசமுத்திரத்தில் மத்தியானம் ஒரு மணி, புருஷன் நம்பிராஜன் சாப்பிட உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பாரா? போன் வருமா என்று வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருப்பார். புளிக்காய்ச்சல் கண்ணாடிப் பாட்டிலில், மிளகுக் குழம்பு தூக்குச்சட்டியில், நார்த்தங்காய் மேல்தட்டில் என்று ஒவ்வொன்றிலும் அவள் துண்டுச்சீட்டு ஒட்டிவைத்ததைப் பார்த்து, "ஏட்டி, இது அடுக்களையா மருந்துக்கடையா?" என்று சிரித்தார். ஆனால் சீட்டு ஒட்டுகிற வியாதி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில் எலக்ட்ரீஷியன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டாமல் ஒரு பெட்டியையும் மூடமாட்டார். அவள் நெஞ்சோடு அணைத்திருந்த பச்சை ஃபைலைத் திறந்தால் தாளுக்குத் தாள் நம்பிராஜனின் சாய்ந்த கையெழுத்து: திரும்பி வரும் டிக்கெட், கேட்டால் மட்டும். சொர்ணாவின் ஆஸ்பத்திரிக் கடிதம், கேட்டால் மட்டும். வீட்டுப் பத்திரம் நகல், கேட்டால் மட்டும். கடைசித் தாளில், மற்றதைவிடப் பெரிய எழுத்தில்: விசா மறுத்த கடிதம். கேட்டால் மறைக்காதே. பயப்படாதே.

பயப்படாதே என்று எழுதி ஒட்டினால் பயம் போய்விடுமா என்ன. வரிசை இரண்டடி நகர்ந்தது, கைப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டாள். அந்தக் கடிதம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. தனியாக இந்த ஊரில் நர்ஸாக இருக்கிற சொர்ணா பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, போனில் "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஒடிவுதான்" என்று சொன்ன குரலிலேயே ஒன்றுமில்லாமல் இல்லை என்று தெரிந்து, ஓடி ஓடிக் காகிதம் சேர்த்து, திருவனந்தபுரம் விசா ஆபீஸ் போய்ப் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து அழுத்திவிட்டு வந்து பதினெட்டாம் நாள். இரண்டு பக்கம் ஆங்கிலம். நம்பிராஜன் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பென்சிலால் அடிக்கோடு போட்டு, சாயங்காலம் முழுக்க வாசித்தார். உமக்கு நிலையான வருமானம் இல்லை, உமது பெயரில் சொத்து இல்லை, உமது பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, பயணம் முடிந்தபின் நீர் உமது நாட்டுக்குத் திரும்புவீர் என்பதில் எமக்குத் திருப்தி இல்லை. வாசித்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆலை மூடின நாளிலிருந்து வாயைத் திறக்காத மனிதர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "என் பெண்டாட்டி திரும்பி வரமாட்டானு சொல்லதுக்கு இவன் யாருட்டி? கல்யாண வீட்டுக்குப் போனா பந்தி முடியுமுன்ன பஸ்ஸு போயிரும்னு பறக்கவளப் பாத்து, வரமாட்டாளாம்லா!" அவளுக்கு அந்தக் கோபம் எவ்வளவு அழகாக இருந்தது. அழகாகவும் இருந்தது, தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலவும் இருந்தது, ஏனென்றால். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

முன்னால் நின்ற பெரியவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். வடநாட்டு சர்தார், விமானத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர், சாப்பாட்டுத் தட்டில் வந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி சட்டைப் பையில் வைத்ததை அவள் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்துச் சிரித்தார். பாஷை இல்லாத சிரிப்பு. அவருக்கும் மகளோ மகனோ அந்தப் பக்கம் இருக்கும். அவர் கையிலும் ஃபைல், மஞ்சள். இந்த வரிசையில் நிற்கிற நம்ம பக்கத்து ஆட்களெல்லாம் ஃபைலோடுதான் நிற்கிறார்கள். அந்தக் கடைசி வரிசையில் வெறும் கையை வீசிக்கொண்டு போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் யாரும் திரும்பிப் போவாயா என்று கேட்கிறதாகத் தெரியவில்லை. அவள் மனசுக்குள் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாள். சொர்ணா போனில் சொல்லிக் கொடுத்து, நம்பிராஜன் அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பத்து நாள் பழக்கின வாக்கியங்கள். மை டாட்டர் இஸ் நர்ஸ். ட்வெண்ட்டி ஒன் டேஸ். ஐ வில் கோ பேக். அதிகாரியாக இருக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொள்வார். "வாட் இஸ் யுவர் நேம்?" "உலகம்மாள்." "மீனிங்?" "மதர் ஆஃப் வேர்ல்ட்." "ஓகோ, உலகத்துக்கே அம்மான்னா உனக்கு எதுக்கு விசா?" என்று அதிகாரி கேட்டு, அதிகாரிக்கே சிரிப்பு வந்து, இரண்டு பேரும் இட்லி ஆறிப்போகிறவரை சிரித்தார்கள். அவர் பக்கத்தில் நின்றிருந்தால் இப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். பக்கத்தில் நிற்கவேண்டியவர்தான். வரிசை நகர்ந்தது. ஐந்தாவது மடிப்பு.

யாரோ கைக்கு மருந்து தேய்த்துக்கொண்டார்கள். சாராயம் மாதிரிச் சுள்ளென்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும் பெரியாஸ்பத்திரியின் பொம்பளை வார்டு வந்து நின்றது. இதுதான், இதைத்தான் நினைக்கவேண்டாம் என்று இருந்தாள். கர்ப்பப்பையை எடுத்த ஆறு நாள். பக்கத்துக் கட்டில்களில் புருஷன்மார் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள், ஒருத்தன் பெண்டாட்டிக்குத் தலை வாரி விட்டான், கோணல் வகிடு எடுத்தான். நம்பிராஜன் வார்டுக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் காலையிலிருந்து இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தார், கஞ்சியைத் தூக்கில் வாங்கி நர்ஸிடம் கொடுத்தனுப்பினார். கூடப் பிறந்தவள் வந்து, "அத்தான் உள்ள வரமாட்டாங்களாமா?" என்று கேட்டபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் ஆலை மூடியது. அதற்குப் பிறகு அவர் பேச்சும் மூடியது. சாப்பிடுவார், டிவி முன்னால் உட்கார்வார், டிவியையும் பார்க்கமாட்டார். உப்புக் கூடிப்போனாலும் சொல்லமாட்டார்; ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டது. சொர்ணாவின் கால் ஒடிந்தபோது, பெற்ற வயிறு பதறினது நிஜம், ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில், சீ, எப்படிச் சொல்வது, ஒரு கதவு திறந்த மாதிரி இருந்ததும் நிஜம். போவேன். மகள் காலைப் பார்த்துக்கொள்வேன். கால் சரியான பிறகும் ஏதாவது காரணம் இருக்கும். அவளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தெரியாத பாஷைக்கு நடுவில், யாரும் பேசவில்லையே என்ற வருத்தம் இல்லாமல் இருந்துவிடுவேன். திரும்பிப் போவாயா என்று விண்ணப்பத்தில் கேட்ட இடத்தில் யெஸ், ஐ வில் என்று எழுதினார் அவர். கையெழுத்துப் போட்டாள் அவள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு அதிகாரி அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். இதுதான் அவளை இரண்டு வருஷமாக அரித்தது. அவன் வேறு என்னென்னவோ காரணத்தைத்தான் எழுதியிருந்தான். எழுதின காரணமெல்லாம் தப்பு. சொன்ன முடிவு சரி. அவளுக்காக ஊர் கேட்கச் சத்தம் போட்ட மனுஷன் பக்கம்தான் பொய் இருந்தது, அதுவும் அவருக்குத் தெரியாத பொய்.

சர்தாரைக் கூண்டு கூப்பிட்டது. அவர் மஞ்சள் ஃபைலைத் திறந்தார், தாள்களைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார், ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. உலகம்மாள் குனிந்து எடுத்துக் கொடுக்க ஓரடி வைத்தாள்; தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்று யாரோ கையைக் காட்டினார்கள், நின்றாள். அதிகாரி எதையோ கேட்டான், அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார், திரும்பவும் கேட்டான். பிறகு இன்னொரு ஆள் வந்து பெரியவரைப் பக்கத்தில் கிடந்த நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான், கோபமில்லை, அதட்டலில்லை, மரியாதையாகத்தான் கூட்டிப்போனான். விசா கொடுத்த பிறகும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று விமானத்தில் பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான், எதற்குச் சொன்னானோ. திருப்பி அனுப்பினால் சொர்ணா அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருப்பாளா? யார் போய்ச் சொல்வார்கள்? மூன்று வருஷமாகத் தொட்டுப் பார்க்காத பிள்ளை. போனில் கால் நன்றாக இருக்கிறது என்கிறாள், நடந்து காட்டு என்றால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து தரையைக் காட்டுகிறாள். நேரில் நடந்தால் தெரிந்துவிடும், தாய்க்கு ஒரு எட்டு போதும்.

கடிதம் வந்த மறுவாரம் நம்பிராஜன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, "கிளம்புட்டி" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டை அவள் பேருக்கு எழுதப்போகிறார். பாதி இல்லை, முழுக்க. "உமக்கென்ன கிறுக்கா?" என்று காதுக்குள் கேட்டாள். "பேப்பர்ல நீ யாருமே இல்லன்னு எழுதியிருக்கான் அவன். முப்பது வருசமா நீ பெருக்கித் துடைக்க வீடு. நான் மெயின் சுவிட்சு மாட்டினதோட சரி." பெருவிரலை உருட்டும்போது அவர் அவள் விரலைப் பிடித்துச் சரிசெய்தார். முப்பது வருஷத்தில் வெளி இடத்தில் அவர் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல். வருகிற வழியில் ஆற்றுப் பாலத்தில் வைத்து, யாரும் கேட்காமல், "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வராம இருந்தேம்லா" என்று ஆரம்பித்தார். அவருக்குப் பதினோரு வயசில் அவர் அம்மாவைப் பார்க்க அதே வார்டுக்குள் ஓடினதும், கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்ததும், கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாததும். "அந்த வாசலுக்கு வந்தா கால் மரத்துப்போகுது. உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. சொல்லாம இருந்து இருந்து, பெறகு எல்லாத்தையுமே சொல்லாம இருந்துட்டேன்." பஸ் ஒன்று பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. அன்றைக்குக் குழம்பு ஊற்றினபோது அவர் முதல் வாயிலேயே, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். அவள் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதாளா சிரித்தாளா, இப்போது நினைத்தால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் அவள் தன் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார், அவள் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து இரண்டு பேருமாக மறுபடி விண்ணப்பம் போட்டு, அவளுக்கு விசா வந்து, அவருக்கு அதே இரண்டு பக்க ஆங்கிலம் வந்தது. உமது பெயரில் சொத்து இல்லை. அவர் இருமல் வருகிறவரை சிரித்தார். "சரியாத்தாம்ட்டி சொல்லுதான். வீட்டுக்காரி நீ, நான் குடியிருக்கவன்லா!" நான் தனியாகப் போகமாட்டேன் என்றாள். "பிள்ளையப் பாத்துட்டு வா. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

"நெக்ஸ்ட், ப்ளீஸ்."

கூண்டுக்குள் ஒரு பெண். நாற்பது வயசிருக்கும், களைத்த கண், பக்கத்தில் ஆறிப்போன காபி. உலகம்மாள் பாஸ்போர்ட்டைத் தள்ளினாள். எத்தனை நாள், யார் வீட்டில், மகள் என்ன வேலை. பழக்கின வாக்கியங்கள் வரிசையாக வந்தன, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை இறக்கினது கண்முன் இருந்ததால் சிரிப்புக்கூட லேசாக எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், நெற்றி சுருங்கியது. இதற்கு முன் விசா மறுத்திருக்கிறார்களா என்று கேட்டாள். மறைக்காதே. "யெஸ்," என்றாள். "ஒன் டைம்." ஃபைலைத் திறந்து கடைசித் தாளை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கடிதத்தைவிட அதில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைத்தான் கூர்ந்து பார்த்தாள், இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "மை ஹஸ்பண்ட் ரைட்டிங்," என்றாள் உலகம்மாள். "டோண்ட் ஹைட். டோண்ட் பி அஃப்ரெய்ட்." அந்தப் பெண்ணின் வாயோரம் அசைந்தது. கணவர் வரவில்லையா? "ஹிம் ஆல்ஸோ ரெஃப்யூஸ்ட். திஸ் டைம்." சரி, இருபத்தோரு நாள் முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்களா?

இந்தக் கேள்விக்குத்தான் பத்து நாள் பழகியிருந்தாள். ஐ வில் கோ பேக். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வில் என்ற அந்தச் சொல் அன்றைக்கு அவர் எழுதி அவள் கையெழுத்துப் போட்ட சொல், பொய்க்குப் பழகிப்போன சொல். அது வாயைவிட்டு வர மறுத்தது. "ஐ வாண்ட்," என்றாள். "ஐ வாண்ட் கோ பேக்." சொல்லிவிட்டுத் திகைத்தாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ, இங்கிலீஷில் அது வேறு மாதிரி ஆகிவிடுமோ. போக வேண்டும் எனக்கு. போக ஆசை எனக்கு. இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் ஆசையா. ஆமாம், ஆசைதான். பிள்ளையைப் பார்க்கவும் ஆசை, இருபத்திரண்டாம் நாள் வாசல் கேட்டைத் திறக்கவும் ஆசை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கின்றன, இது எப்போது நடந்தது. அந்தப் பெண் அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, "மகளோடு நல்லா இருங்க" என்கிற மாதிரி எதையோ சொல்லித் தள்ளினாள். நடக்கும்போது உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். சர்தார் நாற்காலியிலிருந்து எழுந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார், அவரையும் விட்டுவிட்டார்கள் போல, கையைத் தூக்கிக் காட்டினார். அவளும் தூக்கினாள்.

பெட்டிகள் சுற்றிவருகிற கூடத்தில் ஒரு தூணோரமாக நின்று போனை எடுத்தாள். வெளிநாட்டிலும் பேசும்படி அவர் பணம் கட்டி வைத்திருந்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஏங்க, உள்ள விட்டுட்டாங்க."

"விட்டுட்டானா! எத்தன மணி நேரமா… சரி சரி. சாப்பிட்டியா? என்ன கேட்டான்?"

"பொம்பளைதான். திரும்பிப் போவியான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"போகணும்னேன்." பெட்டிகள் ஒவ்வொன்றாக ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு வந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து சொன்னால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. "ஏங்க. போன தடவ கேட்டிருந்தா அது பொய்யா இருந்திருக்கும். நான் அப்போ வாற எண்ணத்துல இல்ல."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ வரமாட்டேன்னு தெரியும். அப்பவே தையல் மிஷினத் தூக்கிப் பக்கத்து வளவுக்காரிக்குக் குடுத்தேல்லா. ஒரு மாசத்துக்குப் போறவ எவளாவது மிஷினக் குடுப்பாளா?"

தெரிந்துகொண்டா அன்றைக்கு அப்படிக் கத்தினார். தெரிந்துகொண்டா சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டார். "தெரிஞ்சுமா வீட்ட எழுதிவச்சீங்க?"

"வந்தா உன் வீட்டுக்கு வா. வராட்டாலும் அது உன் வீடாத்தான் இருக்கட்டும்னு நெனச்சேன்," என்றார். பிறகு அவசரமாக, "சரி, பிள்ள நிப்பா. அவ கால் எப்படி வச்சு நடக்கான்னு மட்டும் நல்லாப் பாரு. வைக்கட்டுமா?"

"ம்."

வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மின்விசிறி அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கயிறு கட்டின அவளுடைய பெட்டி முதல் சுற்று வந்து, அவளைத் தாண்டிப் போய், திரைக்குள் நுழைந்து, மறுபடியும் வந்தது.